குட்டிமூளை 2,999, மற்றவை தனி

அத்தியாயம் நான்கு

சின்னுசாமியின் நாணயத்துக்கு வாழவந்தி நாடு என்ற மலையூரில் முப்பத்து நாலாயிரம் ரூபாய் என்று விலை கட்டியிருந்தார்கள். ஐம்பது கிலோ மிளகு, கிலோ அறுநூற்று எண்பது. மிளகுச் சங்கத்தின் கிடங்குக்குப் பன்னிரண்டு வருஷம் ராக்காவல் இருந்தவன், ஒரு மிளகு மணி கூடக் குறையாமல் பார்த்துக்கொண்டவன் என்பதற்கெல்லாம் தள்ளுபடி கிடையாது. ஒரு மூட்டை காணோம். எடுத்தது அவன். இன்று பகல் ஒரு மணி பஸ் கிளம்புவதற்குள் தன் அரை ஏக்கர் மிளகுத் தோட்டத்தை அவன் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் போலீஸ்.

"அரை ஏக்கரு முப்பத்து நாலாயிரமா? நாமக்கல்ல அந்தக் காசுக்கு லாரி டயர் ரெண்டு கூட வராதுங்க மேடம்," என்றான் மணிவண்ணன்.

"டயர் தேயும், நெலம் காய்க்கும். கேட்டவங்க வெவரமானவங்க," என்றாள் ருக்குமணி.

ருக்குமணி இருபது வருஷம் லாரி இன்சூரன்ஸில் சர்வேயராக இருந்தவள். கவிழ்ந்த லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும், அது தானாகக் கவிழ்ந்ததா, ஆள் வைத்துக் கவிழ்த்ததா என்று சொல்லிவிடுவாள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். கூட இருக்கும் மணிவண்ணன் செல்போன் ரிப்பேர் கடை வைத்து, அதைத் தன் வாயாலேயே மூடியவன்.

அவர்களை நாமக்கல்லிலிருந்து மலைக்கு வரவழைத்தவள் சின்னுசாமியின் மனைவி யமுனா. நாலாயிரம் கூலி பேசி ஐநூறு முன்பணம் அனுப்பியிருந்தாள். ஹாலோபிளாக் சுவர், தகரக் கூரை வீடு. சின்னுசாமி வாசலில் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான், அதுவும் தன்னுடையது இல்லை என்பது போல.

"ஏனுங் மேடம், இவரு எடுக்கலீங்க," என்றாள் யமுனா. "போன மாசம் பதிமூணாந்தேதி புதன்கெழமை, மத்தியானம் ஒண்ணு இருவதுக்கு இவரு அட்டை போட்டுக் கதவத் தெறந்தாருன்னு கெடங்குக் கதவுல மாட்டியிருக்கற கம்ப்யூட்டர் பொட்டி சொல்லுதாம். அன்னிக்கு ஊரே நூறு நாள் வேலைல இருந்துது. நான், சங்கத் தலைவி பொன்னம்மா அக்கா, எல்லாரும் தேதி போட்டுக் கையெழுத்து வச்சிருக்கறோம். இவரு மட்டுந்தான் கால்வலின்னு ஊட்டுல படுத்திருந்தாரு."

"பாத்தவங்க?"

"கோழிதானுங்க."

"கோழி ஸ்டேஷனுக்கு வந்தா திரும்பி வராதுங்களே," என்றான் மணிவண்ணன்.

ருக்குமணி சின்னுசாமியிடம் திரும்பினாள். "அந்த அட்டைய எங்க வெப்பீங்க?"

"உள்ள ஆணில தொங்குமுங்க. லோடு ஏத்தற அன்னிக்கு மட்டும் எடுத்துட்டுப் போவேன். சனிக்கெழம பேளுக்குறிச்சிச் சந்தைக்கு ரெண்டு பேருமே போயிருவமுங்க, அங்க கொண்டு போனா தொலஞ்சிரும். ஆடிக் கடைசிச் சனிக்கெழம மட்டும் இவளுக்குக் காச்சலு, வரல."

கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வது நல்லவர்களின் கெட்ட பழக்கம். ருக்குமணி அதைத் தடுப்பதே இல்லை.

அதற்குள் மணிவண்ணன் உள்ளே மேசைமேல் போர்த்தியிருந்த துண்டை விலக்கியிருந்தான். "அடடே, குட்டிமூளை! திரை, கீபோர்டு, மவுசு, காத்தாடின்னு சீர்வரிசை மொத்தமும் வந்திருக்குதே. என்ன வெலைங்க?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுங்க," என்றாள் யமுனா சட்டென்று. "நோட்டீசுல போட்டிருக்குதுங்களே."

சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தகடு, அதன் மேல் சிரிக்கும் குடும்பம். 'முழுக் கம்ப்யூட்டர் 2,999! வீட்டில் இருந்தே மாதம் 12,000 சம்பாதியுங்கள்!' அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: மற்றவை தனி.

"அந்தத் தகடுதான் மேடம் கம்ப்யூட்டர்," என்றான் மணிவண்ணன். "தோசைக்கல்ல வித்துட்டு, அடுப்பு தனி, மாவு தனி, கரண்டி தனிங்கற யாவாரம். ஏனுங்க, வேலை செய்யுதா?"

"ஒரு பக்கத்தத் தெறந்து, அடுத்த பக்கம் வாரதுக்குள்ள ஒல வச்சு எறக்கிரலாமுங்க," என்றாள் யமுனா. "அந்தக் காத்தாடி இல்லீன்னா தொட முடியாது, சுடும்."

ருக்குமணி வெளியே வந்தாள். மணி பத்தரை.

கிடங்கு நடக்கும் தூரம்தான். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி தலை வரை ஏறியிருந்தது. வாசலில் ஒரு வேன். அதன் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக சதீஷ்குமார், குட்டிமூளையின் விற்பனைக்காரன், சேலத்திலிருந்து வந்தவன். திருடனைப் பிடித்துக் கொடுத்த பெட்டி என்று சொல்லி இன்னும் இருபது வீட்டுக்கு விற்றுவிடலாம் என்று வந்திருக்கிறான்.

பொன்னம்மாள் அறுபதைத் தாண்டியவள், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் கணக்கு நோட்டு. கதவுக்கு மேலே சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி பச்சை விளக்கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இந்தத் தம்பிதானுங்க வித்தது," என்றாள். "காவல்காரனுக்கு மாசம் நாலாயிரம், குட்டிமூளைக்கு ஒரே தடவ மூவாயிரம்னாப்ல. அதான் சின்னுசாமிய நிறுத்திட்டு லோடு ஏத்த மட்டும் வச்சுக்கிட்டோம்."

"தூங்காது, பீடி குடிக்காது, பொய் சொல்லாது," என்றான் சதீஷ்குமார், கந்த சஷ்டிக் கவசம் சொல்கிற வேகத்தில்.

"சாப்பிடுமா?" என்றான் மணிவண்ணன்.

"கரண்டுதாங்க சாப்பாடு."

"அந்தக் கொடுமைய ஏங் கேக்கறீங்க!" பொன்னம்மாள் பிடித்துக்கொண்டாள். "கரண்டு இல்லீன்னா கதவு தெறக்காது. ஆடிக் கடைசில மரம் உளுந்து மூணு நாளு கரண்டே இல்ல. உள்ள மிளகு வேர்த்துப் பூசணம் புடிக்கப் பாத்துச்சு. நாங்க வெளிய நின்னு கதவப் பாத்துட்டு இருந்தோம்."

"அதுக்கு பேக்கப் பேட்டரி இருக்குதுங்க அக்கா. தனி."

"ஆமா, உங்கூர்ல பால் வேற, டம்ளர் வேறதான்," என்றாள் பொன்னம்மாள்.

ருக்குமணி அச்செடுத்த தாளைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு முறை கதவு திறந்ததும் அதில் இருந்தது. லோடு ஏற்றிய நாட்களில் பொன்னம்மாளின் ஒன்றாம் அட்டை முதலிலும் சின்னுசாமியின் இரண்டாம் அட்டை பிறகுமாக ஜோடி ஜோடியாக வந்தன. ஒரே ஒரு வரியில் மட்டும் இரண்டாம் அட்டை தனியாக நின்றது: 13-08, பகல் 1.20.

"இந்தப் பொட்டிக்கு இப்ப மணி என்ன?" என்றாள்.

எல்லாரும் பெட்டியை அண்ணாந்து பார்த்தார்கள். பெட்டிக்கு முகம் இல்லை. திரை தனி என்பதால் சங்கம் வாங்கவில்லை. சதீஷ்குமார் வரும்போது தன் லேப்டாப்பில் இழுத்து அச்செடுத்துக் கொடுப்பான்.

"மணி, ரெண்டு வேலை. மாவு மில்லுக்குப் போயி ஆகஸ்ட் மாச நோட்ட வாங்கிட்டு வா. வாரப்ப யமுனா ஊட்டுத் திரையையும் ஒயரையும் தூக்கிட்டு வா."

"மேடம், வேற திரை மாட்டுனா வாரண்டி போயிருங்க," என்றான் சதீஷ்குமார். அவன் அப்போதுதான் முதன்முதலாக வேனின் கதவைப் பார்த்தான்.

பொன்னம்மாளும் அவன் பார்த்ததைப் பார்த்தாள். "தம்பி, வேன் சாவியக் குடு கண்ணு. வெயில்ல நிக்குது, நெழலுக்குத் தள்ளச் சொல்றேன்." சாவி அவள் இடுப்புக் கொத்தோடு சேர்ந்தது. வேன் நகரவில்லை.

பன்னிரண்டரைக்குச் சங்கத்து ஆட்கள் இருபது பேர் கூடிவிட்டார்கள். எழுதித் தயாராக இருந்த ஒப்பந்தத் தாளும் மை டப்பாவும் ஒரு மூட்டைமேல் காத்திருந்தன. யமுனா தானே திரையைத் தலைமேல் சுமந்து வந்திருந்தாள். புருஷனைக் காப்பாற்றப் போகிற பொருள் என்று மணிவண்ணன் சொல்லியிருந்தான், அவளும் நம்பியிருந்தாள்.

திரை எரிந்தது. மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் குறி துடித்தது.

"அது என்னங்க?"

"சோறு பத்தலைன்னு அழுவுதுங்க," என்றான் மணிவண்ணன். "பாதி வயித்துக்குத்தான் கரண்டு வருது. நல்ல அடாப்டரு தனி. சரி, தேதியப் படிங்க."

பொன்னம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். "ஒண்ணாந்தேதி ஒம்பதாம் மாசம்… திங்கக்கெழம." தலையைத் தூக்கினாள். "இன்னிக்கு வியாழன் நாலாந்தேதியாச்சே?"

"நமக்கு வியாழன். பொட்டிக்குத் திங்கள்," என்றாள் ருக்குமணி. "எடுத்துச் சொல்லு மணி."

"உங்க செல்போன அணைச்சு நாலு நாள் கழிச்சு எழுப்புனாலும் சரியா மணி சொல்லும். உள்ள பேட்டரி இருக்குது, கடிகாரம் ஓடிட்டே இருக்கும். இந்தப் பொட்டில அது கெடையாது. கரண்டு போனா மணியும் நின்னுரும். திரும்ப வந்தா நெட்டுல கேட்டுத் திருத்திக்கும். இங்க நெட்டுக்கு ரீசார்ஜு போட்டீங்களா?"

"ஆடி பொறந்ததுல இருந்து இல்லீங்க," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அப்ப கேக்கறதுக்கு ஆளில்ல. எந்த நிமிசத்துல செத்துதோ, அந்த நிமிசத்துல இருந்து மறுபடியும் எண்ண ஆரம்பிச்சிரும். நடுவுல போன நாளு அதுக்குத் தெரியாது."

ருக்குமணி மில் நோட்டைப் பிரித்தாள். எண்ணெய்க் கறை பிடித்த தாள். தினமும் அரைத்த ராகியும் சாமையும் பெயர் பெயராக இருந்தன. நடுவில் மட்டும் வெறும் கோடுகள். "பத்தாந்தேதி ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணி, கரண்டு போச்சு. பதினொண்ணு இல்ல. பன்னெண்டு இல்ல. பதிமூணு புதன், சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வந்துது. இதுதான் உங்க ஆடிக் கடைசி. உங்களுக்கு ஆடியும் சந்தையுந்தான் கணக்கு. தேதி போட்ட தாளுன்னு ஊர்ல இருந்தது நூறு நாள் வேலை நோட்டு ஒண்ணுதான். பொட்டி சொன்ன தேதிய அதுலதான் போய்ப் பாத்தீங்க, கரண்டு போன நாளோட ஒருத்தரும் வச்சுப் பாக்கல."

அவள் நோட்டை மூடினாள்.

"பதிமூணாந்தேதி மத்தியானம் ஒண்ணு இருவதுக்கு இந்தப் பொட்டி செத்துக் கெடந்துது. கதவும் தெறந்திருக்காது. செத்தவன் சாட்சி சொல்லியிருக்கறான், நீங்க அரை ஏக்கர எழுதச் சொல்லியிருக்கறீங்க."

சின்னுசாமி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ருக்குமணி சதீஷ்குமாரைப் பார்த்தாள். "நீங்க லேப்டாப்புல இழுக்கறப்ப ரெண்டு தேதியும் பக்கத்துல பக்கத்துல வந்திருக்குமே?"

"கஸ்டமர் ரீசார்ஜ் பண்ணலீன்னா கம்பெனி பொறுப்பில்லீங்க மேடம். இல்லாட்டி கடிகார பேட்டரி மாட்டியிருக்கணும். அது…"

"தனி," என்றது கூட்டம்.

"அப்ப அந்தப் பதிமூணு எப்பங்க?" என்றாள் பொன்னம்மாள்.

"மூணு நாளச் சேத்துக்கங்க. பதினாறு. சனிக்கெழம."

"சனிக்கெழமையா? அன்னிக்கு இவன் பேளுக்குறிச்சில எம் பக்கத்துல உக்காந்து அன்னாசி வித்தானே! மத்தியானச் சோறே நாந்தான் போட்டேன்!" பொன்னம்மாள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "அட சாமி, உன்னப் போயி… சரி, அப்ப எடுத்தது யாரு?"

"அதுக்கு எனக்கு யாரும் காசு தரலீங்க," என்றாள் ருக்குமணி. "யமுனா கேட்டது, இவரு எடுக்கலீன்னு காட்டச் சொல்லி. காட்டியாச்சு."

பொன்னம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சந்தையில் எதிர்க்கடைக்காரியைப் பார்க்கிற மரியாதை அதில் இருந்தது. "எவ்வளவு?"

"மூவாயிரம்."

"ஆயிரம்."

"பேரு தெரிஞ்சாத்தானுங்க மிளகு திரும்பும்."

"ஆயிரத்தி ஐநூறு. மலை ஏறி வந்துட்டீங்கன்னு."

"ரெண்டு. அதுக்கும் கீழ போனா இனிஷியல் மட்டுந்தான் சொல்லுவேன்."

பொன்னம்மாள் சுருக்குப் பையை அவிழ்த்தாள். அப்போது சின்னுசாமி எழுந்து நின்றான். அவன் கண் யமுனாவிடம் போகவில்லை. போகாமல் இருக்க அவன் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிந்தது.

"காசக் குடுக்காதீங்க அக்கா. நாந்தான் எடுத்தேன்."

பொன்னம்மாள் சுருக்குப் பையைத் திரும்ப இறுக்கினாள்.

"உங்களால முடியாதுங்க," என்றாள் ருக்குமணி. "ஒண்ணு இருவதுக்கு நீங்க பேளுக்குறிச்சில சோறு தின்னுட்டு இருந்தீங்க. போட்டவங்க இதோ நிக்கறாங்க. ஊரே சாட்சி. உங்களுக்கு நான் பண்ணிக் குடுத்த வேலைல ஓட்டை கெடையாது."

இரண்டாயிரம் கைமாறியது. ருக்குமணி எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டு, திரையைப் பின்பக்கம் திருப்பி வைத்தாள். வாரண்டிச் சீட்டில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது. விற்ற நாள்: 16-08.

"தம்பி கையெழுத்துதானே? உங்க செல்போனப் பாத்து எழுதியிருப்பீங்க, தேதி சரியா இருக்குது. ஊரே சந்தைக்குப் போயிட்ட சனிக்கெழம மலைக்கு வந்து யாருக்கு யாவாரம் பண்ணுனீங்க? காச்சல்ல படுத்திருந்தவங்களுக்கு. நோட்டீசு வெலைக்கு முழுக் கம்ப்யூட்டரு இதுவரைக்கும் ஒருத்தருக்கும் கெடச்சதில்ல. யமுனாவுக்கு மட்டும் கெடச்சிருக்குதுன்னாங்க. அங்கதான் எனக்கு இடிச்சுது."

யமுனா திரையின் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் உடையவில்லை.

"இந்தப் பொட்டி வந்து இவரு சம்பளத்தப் புடுங்கிக்கிச்சு. இதே பொட்டில அந்த நாலாயிரத்தத் திரும்ப எடுத்தர்லாம்னு நெனச்சனுங்க. மூவாயிரம் குழுக் கடன் வாங்கிக் கட்டுனேன். கொண்டாந்து வச்சா லைட்டுகூட எரியல. ஒயரு தனின்னாரு. கார்டு தனி, திரை தனி, வேலை குடுக்கறதுக்குப் பதிவுக் காசு தனி, பயிற்சிக் காசு தனி. எங்கிட்ட இல்லீன்னேன். மிளகு குடுத்தாலும் சரின்னாரு. ஆணில அட்டை தொங்குச்சு."

"அப்பறம் எதுக்குடி துப்பறியற அம்மாவக் கூட்டியாந்த?" பொன்னம்மாளுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

"நான் எடுத்தது சனிக்கெழமைங்க அக்கா. தாள்ல புதன்கெழமன்னு வந்துது. அப்ப வேற எவனோ இன்னொரு மூட்டைய எடுத்துட்டான், என்னுது பதியலன்னு நெனச்சேன்." அவள் சுவரில் சிமிட்டும் பச்சை விளக்கை ஒரு தரம் பார்த்தாள். "பொட்டி பொய் சொல்லாதுன்னு நோட்டீசுல போட்டிருந்துதுங்களே."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். சின்னுசாமி மட்டும் அவள் கையிலிருந்த ஒயரை மெதுவாகப் பிரித்து எடுத்தான்.

பொன்னம்மாள் சதீஷ்குமாரின் பக்கம் திரும்பினாள். "முப்பத்து நாலாயிரம் மிளகு. பொருளு எவ்வளவுக்குக் குடுத்த?"

"பதினெட்டாயிரத்து எழுநூத்தம்பதுங்க. மிளகு ஈரமா இருந்துது அக்கா, சேலத்துல அறநூறுக்குத்தான் போச்சு. போலீசுக்குப் போறதுன்னா போங்க. மொதப் பேரு அந்தம்மா பேருதான்."

"போலீசு எதுக்கு? வேனு இங்கதான இருக்குது." அவள் இடுப்புக் கொத்தைக் குலுக்கினாள். "பதினஞ்சாயிரத்து இருநூத்தம்பது, வாங்குன மிச்சம். எடுத்து வையி."

அவன் எடுத்து வைத்தான். எண்ணி முடிக்கும்போதே அவனுக்குத் தொழில் திரும்பிவிட்டது. "அக்கா, இந்தக் கடிகார பேட்டரி மட்டும் போட்டுட்டீங்கன்னா இனிமே தேதி தப்பாதுங்க. ஐநூறு."

"நூறு."

"முந்நூறு."

"எரநூத்தம்பது. இதுலயே கழிச்சுக்க."

அவன் பேட்டரியை மாட்டிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, போகும்போது பொன்னம்மாளின் கையில் ஒரு புது நோட்டீசும் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

"மேடம், நம்ம பாக்கி மூவாயிரத்து ஐநூறு," என்றான் மணிவண்ணன், தயக்கத்தோடு. அந்த அத்தியாயத்தில் அவன் தயங்கியது அந்த ஒரு தடவைதான்.

ருக்குமணி யமுனாவிடம் கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பொன்னம்மாள்தான் பையை மறுபடி அவிழ்த்து அதில் எண்ணி வைத்தாள். "அவ பேர்ல எழுதிக்கறேன். ஆனா இவ பேர்ல குண்டுமணி நெலங்கூட இல்லையே. போலீசுதான் கதியா?"

தூரத்தில் ஒரு மணி பஸ் ஹாரன் அடித்தது.

சின்னுசாமி மூட்டைமேல் இருந்த ஒப்பந்தத் தாளை எடுத்தான். காலையிலிருந்து அது அங்கேயே இருந்தது. அதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"எங்கீங்க அக்கா கையெழுத்து? இங்கயா?"

"ஏனுங்க, வேண்டாம்," என்றாள் யமுனா.

அவன் நிதானமாக, பெயரின் கடைசி எழுத்து வரை எழுதினான். பொன்னம்மாள் மை காய ஊதிவிட்டு, கணக்கு நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். இருபது பேரும் கேட்டார்கள்.

யமுனா பேரில் பற்று, மிளகு ஒரு மூட்டை: 34,000.
சதீஷ்குமார் கட்டியது, பேட்டரி உட்பட: 15,250.
மீதி: 18,750.
பெயர் சொன்ன வகையில், நாமக்கல் ருக்குமணிக்கு: 2,000.
சின்னுசாமி எடுக்கவில்லை என்று காட்டிய வகையில், மேற்படியாருக்கு: 3,500.
ஆக மொத்தம்: 24,250.
சின்னுசாமி பேரில் வரவு, அரை ஏக்கர்.
கணக்கு நேர்.